எதிரணியின் கடைசி வாக்கியம்

"நாளைக்கு நீங்க வர வேணாம் அத்தை."

"ஏண்டி, நான் வந்தா என்ன?"

"நீங்கதான் ஏற்கெனவே அங்க இருப்பீங்களே."

மாதங்கி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. செண்பகவல்லிதான் வாய்க்குக் கொண்டுபோன காப்பி டம்ளரைக் கையோடு கீழே இறக்கினாள்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மதுரை வரையறை மன்றத்தில் நாளைக்கு மாதங்கியின் வழக்கு. பிரசவ வார்டில் அவள் நர்ஸாக இருக்கலாமா, கூடாதா என்பதுதான் விசாரணை. கூடாது என்று வாதாடப் போகிற குரல் செண்பகவல்லியின் குரல்.

பெண் என்றால் யார் என்ற சண்டையில் நாடு பல வருஷம் நாறிப்போயிருந்தது. விளையாட்டு மைதானத்தில் சண்டை, ஹாஸ்டலில் சண்டை, பெண்கள் பஸ்ஸில் சண்டை. இந்தப் பக்கம் பேசினால் வீட்டில் கல் விழும். அந்தப் பக்கம் பேசினால் கண்ணாடி உடையும். கடைசியில் அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. மனிதர்கள் பேசினால்தானே அடிதடி, குரல்கள் பேசட்டும் என்றது. நன்றாகப் பேசத் தெரிந்தவர்களின் பேச்சையெல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துக் குரலுருக்கள் செய்தார்கள். ஊர் ஊருக்கு ஒரு மன்றம். இந்தப் பக்கம் ஒரு குரலுரு, அந்தப் பக்கம் ஒரு குரலுரு, நடுவில் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் இயந்திரம். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஜனம், ஒத்துக்கொண்டது.

அந்தக் கம்பெனிப் பையன் வீட்டுக்கு வந்தபோது செண்பகவல்லி கேட்காமலும் இல்லை.

"தம்பி, நான் ரெண்டு பக்கமும் பேசுறவப்பா. மாமியாரா மருமகளான்னா, அருப்புக்கோட்டையில மாமியார் பக்கம் பேசுவேன், மறுநாள் ராஜபாளையத்துல மருமக பக்கம் பேசுவேன். நடுவர் எந்தப் பக்கம் குடுக்கிறாரோ அதுதான் என் பக்கம்."

"அது பரவால்லம்மா. பெண்மைங்கிற தலைப்புல நீங்க ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கீங்க. பிறப்புதான்னு பேசி ஜெயிச்சிருக்கீங்க. எங்களுக்கு அது போதும். மத்த பேச்செல்லாம் உங்க தோரணைக்கு."

"எனக்குப் பிடிக்கலைன்னா?"

"எப்ப வேணா வாபஸ் வாங்கிக்கலாம்மா. உங்க குரல், உங்க உரிமை."

வாபஸ் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. தொண்டையில் கட்டி வந்து அறுத்த பிறகு செண்பகவல்லியின் சொந்தக் குரல் ஓட்டைத் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி ஆகிவிட்டது. அந்த வெண்கலக் குரல் உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே இடம் மன்றம்தான். கடைத்தெருவில் யாராவது, "நேத்துக்கூட மன்றத்துல உங்க குரலைக் கேட்டேம்மா, அதே கம்பீரம்" என்பார்கள். மேலுக்கு வருத்தப்படுகிற மாதிரி காட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அதை ரகசியமாக மென்றுகொண்டிருப்பாள். ஆனால் அதைக் கேட்க ஒருநாளும் மன்றத்தின் வாசலை மிதித்ததில்லை. பெருமையும் கூச்சமும் ஒரே அளவில் இருந்தன.

"புகார் குடுத்தது யாருடி?"

"சின்னப் பொண்ணு அத்தை. முதப் பிரசவம். நான் உள்ள வந்ததும் பயந்துருச்சு. அது பயந்ததை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். அதோட மாமியாதான் மன்றம் வரைக்கும் இழுத்துட்டாக."

"அந்த வார்டுல எத்தனை பேரு உன் கையைப் பிடிச்சிக்கிட்டுப் பெத்திருப்பாளுக! அவளுகளைக் கூட்டிட்டுப் போவோம்."

"பச்சப்புள்ளைகளை இடுப்புல வச்சிக்கிட்டு வந்து நிக்கவா? விடுங்க. தோத்தா மருந்து ஸ்டோர்ல போடுவாங்க. மாத்திரை எண்ணலாம். மாத்திரைக்கு என்னப் பாத்து பயமில்லை."

"நீ ஜோக்கடிக்காதடி."

"உங்ககிட்ட வளந்த தோஷம்."

செண்பகவல்லி டம்ளரை வைத்தாள். "நான் வரேன். நான் உயிரோட இருக்கேன். அந்த இயந்திரத்துக்கு முன்னாடி நின்னு, 'அடியே, அது நான் இல்லை'ன்னு சொல்றேன். வேற என்ன சாட்சி வேணும்?"

மாதங்கி வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, டூட்டிக்குப் போக முடியைக் கொண்டை போட ஆரம்பித்தாள்.

அவள் பதினைந்து வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். செண்பகவல்லியோடு ஒரே வேனில் ஊர் ஊராகப் போய், மேடையில் எதிரணியில் உட்கார்ந்து, இறங்கியதும் ஒரே கடையில் பரோட்டா தின்ற தமிழாசிரியர் சங்கரபாண்டியனின் பிள்ளை. செண்பகவல்லி பெண்மையைப் பற்றிப் பேசிய அந்த ஒரே பட்டிமன்றம் திண்டுக்கல்லில் நடந்தது. பெண்மை என்பது பிறப்பா, உணர்வா என்பது தலைப்பு. உணர்வு பக்கம் சங்கரபாண்டியன் பேசினார், பிறப்பு பக்கம் செண்பகவல்லி. உண்மையில் பக்கம் பிரித்தது நேர்மாறாக. வேன் கொடைரோட்டைத் தாண்டும்போது சங்கரபாண்டியன் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"செண்பகம், பக்கத்தை மாத்திக்குவோமா? எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. பிறப்பு பக்கம்னா ஜாஸ்தி சத்தம் போடணும்."

"அதுக்கென்னண்ணே, எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் பாயிண்ட் தயார். அன்றைக்கு அடித்த நகைச்சுவைதான் அவள் வாழ்க்கையிலேயே பெரிய கைதட்டல் வாங்கியது. "ஆட்டுக்கல் தன்னை அம்மின்னு நெனச்சா நெனச்சுக்கிட்டுப் போகட்டும் நடுவர் அவர்களே! நாளைக்குக் காலையில நமக்கு இட்லி வேணுமா, வேணாமா?" பந்தல் அதிர்ந்தது. எதிரே சங்கரபாண்டியனுக்குக் குரல் கம்மியதை வைத்தும் ஒன்று சொன்னாள். "பாயிண்ட் இல்லைன்னா தொண்டை அடைக்கத்தான் செய்யும்!" அதற்கும் சிரிப்பு.

அடுத்த வாரமே பள்ளிக்கூடப் பையன்கள் தெருவில் "ஏய் ஆட்டுக்கல்லு" என்று ஒரு பிள்ளையை விரட்டினார்கள். அதற்கடுத்த நாள் அந்தப் பிள்ளை, பையில் இரண்டு சட்டையோடு, செண்பகவல்லியின் கேட்டருகில் நின்றது.

"அப்பா வெளிய போகச் சொல்லிட்டாரு அத்தை. நீங்கதான ஜெயிச்சீங்க? நான் எங்க போகணும்னு நீங்களே சொல்லுங்க."

உள்ளே கூட்டிக்கொண்டாள். வேறென்ன செய்வது! சங்கரபாண்டியனோடு பேச்சை அன்றோடு நிறுத்தினாள். மேடையில் உருகி உருகிப் பேசிவிட்டு வீட்டில் பெற்றதைத் துரத்துகிறவரா மனிதர் என்று ஆறாத கோபம். அவர் செத்தபோதுகூட மாதங்கியைத்தான் அனுப்பினாள், தான் போகவில்லை. தெருமுனை வரை போன மாதங்கியை உறவுக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

*

மன்றத்தில் சாட்சிகளை முதலிலேயே உள்ளே விடுவதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்கள். உள்ளே மாதங்கியின் பக்கத்துக் குரலுரு பேசுவது கதவு வழியாக வெறும் முணுமுணுப்பாகத்தான் வந்தது. அது சங்கரபாண்டியனுடையது என்பது செண்பகவல்லிக்குத் தெரியும். காதைத் தீட்டிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். மேடையில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஒலிப்பெட்டிகள். அவளுடைய பெட்டிக்கு யாரோ பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். கூட்டம் நிறைய இருந்தது. மாதங்கி முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாட்சி பேசலாம்" என்றது நடுவர் இயந்திரம், மிக மரியாதையாக.

"நடுவர் அவர்களே," செண்பகவல்லிக்கு மூச்சு வாங்கியது. "அந்தப் பேச்சைப் பேசினது நாந்தான். ஆனா நம்பிப் பேசலை. எனக்கு அந்தப் பக்கம் வந்துச்சு, பேசினேன். இன்னொரு பக்கம் வந்திருந்தா அதையும் பேசியிருப்பேன். அது எங்க தொழிலு. மாதங்கி எங்க வீட்டுப் பொண்ணு. இத்தனை வருஷமா எங்கூட இருக்கா. நான் என்ன நம்புறேன்னு எனக்குத்தான தெரியும்? என்னைக் கேளுங்க, பெட்டியைக் கேக்காதீங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பொன்னாடை போர்த்திய பெட்டி ஒரு கனைப்புக் கனைத்தது. அந்தக் கனைப்பைக் கேட்டதும் செண்பகவல்லிக்கு உடம்பு சிலிர்த்தது. கைதட்டலுக்கு இடம் விடுவதற்காக அவள் பழகி வைத்திருந்த கனைப்பு.

"அம்மாவுக்கு வணக்கம். வயசுல என்னைவிடப் பெரியவங்க. திட்டினாலும் வாங்கிக்கணும்."

சிரிப்பு.

"அம்மா என்ன சொல்றாங்க நடுவர் அவர்களே? நாலு பேரு கேட்ட குரல் பொய்யாம். பதிவானது பொய்யாம். உள்ளுக்குள்ள யாரு கண்ணுக்கும் தெரியாம ஒரு செண்பகவல்லி இருந்தாளாம், அவதான் நெசமாம். சரி, ஒத்துக்குவோம். ஆனா அம்மாவே இன்னொண்ணும் சொன்னாங்க. எந்தப் பக்கம் குடுத்தாலும் பேசுவேன்னாங்க. அப்ப இன்னைக்கு இந்தப் பக்கம் பேச யாரு குடுத்தா? அன்னைக்குப் பேசினது தொழிலு, இன்னைக்குப் பேசுறது மட்டும் மனசுன்னு நான் எதை வச்சு நம்புறது?"

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். நல்ல பாயிண்ட் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கே அவமானமாக இருந்தது.

"கோயில் மேல சத்தியமா..." என்று ஆரம்பித்தாள்.

"சத்தியம் பண்ணாதீங்கம்மா, பாவம் கோயில்! அம்மி இன்னைக்கு வந்து, நான் அம்மியே இல்லை, உள்ளுக்குள்ள ஆட்டுக்கல்லுன்னு அழுகுது நடுவர் அவர்களே. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கிறேன். இட்லி வேணுமா, வேணாமா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. புகார் கொடுத்த அந்தச் சின்னப் பெண் மட்டும், மடியில் குழந்தையோடு, சிரிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணி அடித்தது. சாட்சியின் நேரம் முடிந்துவிட்டது.

தீர்ப்பு வர வெகுநேரம் ஆகவில்லை. மாதங்கி பிரசவ வார்டில் இருக்கக் கூடாது.

"ஆட்டோ பிடிக்கிறேன் அத்தை, நீங்க மெதுவா வாங்க" என்று மாதங்கி வெளியே போனாள். அவள் முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. தோற்கத்தான் வந்தவள் மாதிரி இருந்தாள்.

செண்பகவல்லி வெளியே போகவில்லை. நேரே மன்ற அதிகாரி முபீனாவின் அறைக்குப் போனாள்.

"என் குரலை நான் எடுத்துக்கிறேன்மா."

முபீனா எழுந்து நின்றே விட்டாள். "வாபஸா? இதுவரைக்கும் யாருமே வாங்கினதில்லம்மா. பேச்சாளருக்கெல்லாம் இங்க இருக்கிற குரல்தான பேரே."

"பேரு கிடக்கட்டும். எடுத்தா இந்தத் தீர்ப்பு என்னாகும்?"

"இன்னைக்கே எடுத்தீங்கன்னா செல்லாது. புதுக் குரல் வச்சு மறுபடி விசாரணை. அதுவரைக்கும் அவங்க வார்டுலயே இருக்கலாம். ஆனா ஒரு விஷயம்மா. உங்க குரலுக்கு எதிர்க்குரலா செஞ்சது சங்கரபாண்டியன் சார் குரல். அவரு இந்தத் தலைப்புல பேசினதும் அந்த ஒரே பேச்சுதான். உங்க குரல் இருந்தாத்தான் அதுவும் பேசும். உங்களது நின்னா அதுவும் நின்னுரும். திருப்பி எழுப்ப முடியாது. நீங்க கொஞ்சம் யோசிச்சு, வீட்டுல..."

"நிக்கட்டும்மா. செத்த மனுசன் பேச்சு யாருக்கு வேணும்? எங்க சொல்லணும், எப்படிச் சொல்லணும்? சீக்கிரம்."

முபீனா இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். செண்பகவல்லி கேட்கவில்லை. எதிராளி முடிப்பதற்குள் தன் அடுத்த வரியை யோசிப்பது அவளுக்குப் பழக்கம். சுவரில் இருந்த கருவி முன் நின்று, தகரக் குரலில், "நான் செண்பகவல்லி. என் குரலை எடுத்துக்கிறேன்" என்றாள். மன்றத்துக்குள் இரண்டு பெட்டிகளிலும் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது.

ஆட்டோவில் ஏறியதும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, மாதங்கி விளக்கைப் போட்டு, உலையில் அரிசி போட்ட பிறகு, பரிசு கொண்டுவந்தவள் மாதிரி சொன்னாள்.

"நாளைக்கு வழக்கம்போல வார்டுக்குப் போடி. தீர்ப்பு செல்லாது. என் குரலை வாபஸ் வாங்கிட்டேன்."

மாதங்கி கரண்டியோடு திரும்பினாள். "உங்க குரலையா?"

"ஆமா. இருந்தது போதும். உங்கப்பா பெட்டியும் அதோட நின்னுருச்சாம். தொலையட்டும். மேடையில ஒண்ணு, வீட்டுல ஒண்ணுன்னு வாழ்ந்த மனுசன்."

மாதங்கி அடுப்பைச் சின்னதாக்கினாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"நல்லதுதான் அத்தை செஞ்சீங்க."

"என்னடி சுரத்தே இல்லாம சொல்ற?"

"ஒண்ணுமில்ல."

"வாரம் தவறாம மன்றத்துக்குப் போய்ட்டு வந்து சோர்ந்து படுப்பியே, யாருக்கோ துணைக்குப் போறேன்னு. இனி போக வேணாம், அந்தக் கண்றாவியைக் கேக்க வேணாம்."

"துணைக்குப் போகலை அத்தை." மாதங்கி அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். "அப்பாவைக் கேக்கப் போவேன்."

செண்பகவல்லிக்குப் புரியவில்லை.

"அந்தத் திண்டுக்கல் அன்னைக்குக் காலையிலதான் நான் அப்பாகிட்டச் சொன்னேன். நான் பையன் இல்லப்பான்னு. அவரு ஒண்ணும் சொல்லலை. சட்டையை மாட்டிக்கிட்டு வேன் ஏறப் போய்ட்டாரு. சாயங்காலம் பஸ் பிடிச்சு நான் பின்னாலயே வந்துட்டேன், அவரு என்ன பேசுறாருன்னு பாக்க. முன்வரிசையில உக்காந்திருந்தேன்."

"பக்கத்தை மாத்தச் சொன்னாரே... தொண்டை..."

"அப்பாவுக்குத் தொண்டை நல்லாத்தான் இருந்துச்சு அத்தை."

செண்பகவல்லி முக்காலியைத் தேடி உட்கார்ந்தாள். கம்மிய குரல் காதில் கேட்டது. பாயிண்ட் இல்லைன்னா தொண்டை அடைக்கத்தான் செய்யும். எத்தனை சிரிப்பு!

"பெறகு ஏண்டி துரத்தினாரு?"

"'எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லிப் பாத்தேன், ஊரு சிரிக்குது. ஊரு சிரிக்கிற எடத்துல உன்னை வச்சு எப்படிக் காப்பாத்துவேன், எங்கயாச்சும் போயிரு'ன்னாரு. பயந்தவரு அத்தை. கெட்டவரு இல்லை."

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி என்கிட்ட!"

"சொன்னா, அதுக்காக நீங்க என்னை வச்சிருக்கீங்கன்னு ஆயிருமே. பரிகாரத்துக்கு வச்ச புள்ளையா இருக்க எனக்கு இஷ்டமில்லை."

சோறு கொதித்து வழிந்தது. இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை. பிறகு மாதங்கிதான் மூடியை எடுத்தாள்.

"அந்தப் பேச்சு எனக்குத் தெரியும்" என்றாள் செண்பகவல்லி திடீரென்று. "எதிராளி பேச்சுல ஓட்டை தேடுறவ நான். ஒரு வரி விடாம மனசுல நிக்கும். நான் சொல்றேன், கேளு. பெட்டி எதுக்கு?"

எழுந்தாள். சங்கரபாண்டியன் நிற்கிற மாதிரியே இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நின்றாள். தகரக் குரல் அவருக்குப் பொருந்தியது.

"நடுவர் அவர்களே. ஒரு வீட்டுல ஒரு புள்ள பொறக்குது. நாமளே பார்த்து ஒரு பேரு வைக்கிறோம். கூப்பிட்டா அது திரும்பணும். திரும்பலைன்னா சத்தமாக் கூப்பிடுறோம். அப்பவும் திரும்பலைன்னா அடிக்கிறோம். காது சரியில்லைங்கிறோம், புத்தி சரியில்லைங்கிறோம். நாம வச்ச பேரு சரியில்லையோன்னு மட்டும் நமக்குத் தோணுறதே இல்லை. நான் வாத்தியாரு. முப்பது வருஷமா வகுப்புல பேரு வாசிக்கிறவன். வாசிச்சதும் 'உள்ளேன் ஐயா'ன்னு சத்தம் வரும். வராட்டி ஆப்சென்ட் போட்டுருவேன். நடுவர் அவர்களே, எத்தனை புள்ளைக கண்ணு முன்னால உக்காந்திருக்கும்போதே நான் ஆப்சென்ட் போட்டிருக்கேனோ, இன்னைக்குத்தான் யோசிக்கிறேன்..."

நின்றாள்.

மாதங்கி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்கவில்லை. "ம்?"

"இதுக்கப்புறம் ஒரு வரி பேசினாரு. கடைசி வரி." செண்பகவல்லி நெற்றியைத் தேய்த்தாள். உதடு அசைந்து பார்த்தது. பேச்சு முழுவதும் இருந்தது, அந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக இருந்தது. ஆட்டுக்கல்லா, உரலா, எதைச் சொன்னால் பந்தல் அதிரும் என்று அந்த நேரத்தில் மனசுக்குள் அளந்துகொண்டிருந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

"அதை நான் கேக்கலைடி" என்றாள். "அப்ப என் ஜோக்கை யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

மாதங்கி கண்ணைத் திறந்தாள். அவளே சொன்னாள், அப்பாவின் குரலில் இல்லை, தன் குரலில்.

"'ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கணும், இப்பக் கேக்கிறேன். சொல்லு தாயி, உன்னை நான் எப்படிக் கூப்பிடட்டும்?'"

சொல்லிவிட்டு மாதங்கி அடுப்பை அணைத்தாள்.

"எல்லார் முன்னாடியும் தாயின்னு கூப்பிட்டாரு அத்தை. நேரா என்னைப் பாத்து. மன்றத்துலயும் ஒவ்வொரு வழக்குலயும் அந்தப் பெட்டி கேக்கும். நான் கூட்டத்துல உக்காந்து மெதுவாப் பதில் சொல்லிட்டு வருவேன். அதுக்குக் கேக்காதுதான். இன்னைக்கும் சொன்னேன்."

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்தாள். எதிரணிக்கு மறுப்புச் சொல்லியே வாழ்ந்தவள் கடைசியில் கேட்டாள்.

"திண்டுக்கல்லுல கேட்டாரே, அப்ப நீ என்னடி பதில் சொன்ன?"

"வாயைத் தொறந்தேன் அத்தை," என்றாள் மாதங்கி. "அதுக்குள்ள மணி அடிச்சிருச்சு. நீங்க எந்திரிச்சு மைக்கைப் பிடிச்சிட்டீங்க."